அவள் பயந்த நாட்கள்

ஜூன் 3
பெரிய கடை ஒன்றில் மெயின் போர்டு மாற்றும் வேலை. பாதியில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் மனைவி இன்றும் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறாள். வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. ட்ரிப்ஸில்தான் உயிர் ஓடுகிறது. போன வாரம் ஒரே ஒரு பேச்சு: "என்னை விட்டுடுங்க, போயிடறேன்."

ஜூன் 5
மனநல டாக்டர் தலையில் கல்லைப் போட்டார். மனச்சோர்வு மாத்திரைக்குக் கேட்கவில்லையாம், மயக்கம் கொடுத்துத் தலையில் கரண்ட் வைக்க வேண்டுமாம். நான் எலக்ட்ரீஷியன். கரண்ட் ஆள்மேல் படாமல் பார்ப்பதுதான் என் பிழைப்பு — என்னிடமா கையெழுத்து கேட்பது?

இதய டாக்டர் பூசி மெழுகவில்லை. கரண்ட் வைத்ததும் துடிப்பு மெதுவாகுமாம், சில விநாடி நின்றும் போகலாமாம், அடுத்து தறிகெட்டு ஓடுமாம். அவளுடையது ஏற்கெனவே அட்டாக் வந்த இதயம். "பட்டினி கிடந்தாலும் இது தாங்காதுங்க" என்றும் சொன்னார். மகள் பேனாவை நீட்டினாள். போட்டேன்.

ஜூன் 6
முதல் தடவை முடிந்தது. எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

ஜூன் 13
நான்காவது. சூப் குடித்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்தச் சட்டையத் துவைக்கவே மாட்டீங்களா?" என்றாள். எத்தனை நாளாயிற்று, திட்டு வாங்கி! கழிப்பறையில் போய் அழுதேன்.

ஜூன் 16
ஐந்தாவதில் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. கதவுக்கு வெளியே நான். நர்ஸுகள் உள்ளே ஓடுகிறார்கள் — மருந்து கொடுத்து ஒருவழியாக நிலைக்குக் கொண்டுவந்தார்களாம்.

ஜூன் 17
இரண்டு டாக்டர்களும் அவளிடமே சொன்னார்கள். இத்தோடு நிறுத்தினால் மனச்சோர்வு திரும்ப வரலாம். தொடர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குங்க. நான் சாகக் கூடாது."

போகிறேன் என்றவளா இது? சந்தோஷத்தில் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நிறுத்திவிடலாம் என்று சொன்னது நான்தான். சரியா, தப்பா? அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறென்ன சொல்வது.

ஜூன் 24
வீட்டில். மணிக்கொரு தரம் நாடி பிடித்துப் பார்க்கிறாள். இதய மாத்திரை கொஞ்சம் தாமதமானால் என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்கிறாள். மகள் சிரிக்கிறாள்.

ஜூலை 9
பாதித் தட்டு மிச்சம். பசியில்லையாம்.

ஜூலை 15
இரண்டு நாள் இதய மாத்திரை பெட்டியில் அப்படியே கிடக்கிறது. போடாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லைங்க" என்றாள்.