வலது உனக்கு, இடது எனக்கு

இன்று காலை கூரியரில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. திறந்ததுமே புது ரப்பர் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே காகிதம் சுற்றிய சைக்கிள் ஷூக்கள், வலதும் இடதுமாக. இரண்டையும் போட்டுக்கொண்டு கூடத்தில் நாலு நடை நடந்து பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன், என் இரண்டு கால்களுக்கும் ஷூ வாங்கியது இதுதான் முதல்முறை. பழைய இடது கால் ஷூவின் அடி பிளந்துவிட்டது, அதனால்தான் இது. இல்லாவிட்டால் வாங்கியிருக்கவே மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

எனக்கு வங்கியின் மாமல்லபுரம் கிளைக்கு மாற்றலானபோது, அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீதான். செங்கல்பட்டு விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாம். நான் அச்சரப்பாக்கத்து விவசாயி வீட்டுப் பெண். நீ கடப்பாக்கத்துக் கடற்கரைக்காரி. படித்து முடித்து நான் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நீ கரையில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஓட்டல்களுக்குக் கொடுக்கும் வியாபாரத்தில் இறங்கினாய். சின்ன வயதில் வந்த போலியோ உன் வலது காலைச் சூம்ப வைத்திருந்தது. முட்டியைக் கையால் அழுத்தித்தான் நடப்பாய். ஆனால் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் மீன் பெட்டிகளோடு நீ ஈசிஆர் சாலையில் பறக்கும்போது, எதிரே வருகிற வண்டிக்காரர்கள்தான் ஒதுங்குவார்கள்.

உன் மனதில் ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. இரண்டு சக்கரத்தில், சைக்கிளில், நீயே மிதித்துப் போக வேண்டும். பலமுறை முயன்றிருக்கிறாய். ஒவ்வொரு முறையும் வலது பாதம் பெடலிலிருந்து வழுக்கி விழுந்து, கால் தரையில் இழுபட்டு, சிராய்ப்போடு வீடு திரும்பியிருக்கிறாய். பள்ளிக்கூட நாளெல்லாம் உன் அண்ணன்தான் உன்னைக் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு போவார். நீ கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "வுழுந்து இன்னொரு காலும் போச்சுன்னா இன்னாடி பண்ணுவ?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நெம்மேலி டீக்கடையில் நாம் நின்றது நினைவிருக்கிறதா? சென்னையிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இறங்கினார்கள். இறங்கும்போது அவர்கள் காலடியில் டக், டக்கென்று சத்தம். உனக்கு அது போதுமாயிருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வயதான ஒருவரின் முன்னால் போய் நின்றாய்.

"அண்ணாத்த, உங்க ஷூவுக்கு அடியில இன்னா கீது?"

அவர் தயங்காமல் காலைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. "இதுதாம்மா கிளீட். பெடல்ல ஒரு கொக்கி இருக்கு, இது அதுல போய் மாட்டிக்கும். கிளிப்லெஸ்னு சொல்வாங்க."

"கிளிப் இல்லன்னு பேரு வெச்சுகினு கிளிப் போட்டு மாட்றாங்களா? சரி, பெடல்லேர்ந்து காலு வழுக்காதா?"

"நீங்களா குதிகாலைத் திருப்பினாத்தான் வெளிய வரும். இல்லேன்னா அங்கயே நிக்கும்."

அங்கேயே நிற்கும் என்று அவர் சொன்னதும் நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பெரிய வஞ்சிரம் ஏலத்தில் உன் பக்கம் சாயும்போது உன் முகம் அப்படித்தான் ஆகும்.

அடுத்த வாரமே நம் இரண்டு சைக்கிள்களையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். மாலையில்தான் போக வேண்டும், பகலெல்லாம் நடந்தபிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது போட்டுப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும் என்று டீக்கடைப் பெரியவர் சொல்லியிருந்தார். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது பந்தயக்காரர்களுடைய ஷூ. அடியில் மூன்று துளை, கிளீட் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதைப் போட்டு எழுந்து பார்த்தாய். கடையின் டைல்ஸ் தரையில் வழுக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டாய்.

"இதப் போட்டுகினு மணல்ல எப்டி நடக்கறது? டீ குடிக்க எறங்க வேணாமா?"

அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தார். அடியில் இரண்டு துளைதான். ரப்பர் அடிப்பாகத்தின் குழிக்குள் கிளீட் பதுங்கியிருந்தது. சாதாரண ஷூ மாதிரி நடக்கலாம். மீனின் செவுளைத் திறந்து பார்ப்பது போல நீ அதைப் பிரித்து, மடித்து, அமுக்கிப் பார்த்தாய். கார்பன் அடி வைத்தது இன்னும் லேசாக இருக்கும் என்றார் கடைக்காரர். "நாங்க இன்னா ரேசுக்கா போறோம்?" என்றாய். குமிழைத் திருகி இறுக்கும் வகையைக் காட்டினார். உப்புக் காற்றிலும் மணலிலும் அது எத்தனை நாள் திருகும் என்று கேட்டு அதையும் தள்ளினாய். கடைசியில் நின்றது நைலான் அடி, பட்டையை இழுத்து ஒட்டுகிற வகை, மண் பட்டால் கழுவிக்கொள்ளலாம். அங்கிருந்ததிலேயே மலிவானதும் அதுதான். அப்பாடா என்று இருந்தது.

அங்கேதான் சிக்கல் வந்தது. உன் இரண்டு பாதமும் ஒரே அளவில்லை. இடது பெரியது, வலது சின்னது. சின்ன ஜோடியில் இடது நுழையவில்லை. பெரிய ஜோடியில் வலது உள்ளே நீந்தியது, பஞ்சு அடைத்தும் நிற்கவில்லை. இரண்டு ஜோடி வாங்கினால் பாதி வீண். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். நீ ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, "செருப்புக் கடைல கூட எனக்கு இதே பேஜாருதான். வுடு, போலாம்" என்றாய். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பையை மட்டும் தேவையில்லாமல் இரண்டு முறை திறந்து மூடினாய்.

உன்னை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சின்ன ஜோடியில் இடது ஷூவை எடுத்து என் காலில் மாட்டிப் பார்த்தேன். தைத்து வைத்தாற்போல் இருந்தது.

"உனக்கு வழுக்கறது வலது கால் மட்டும்தானே? இடதுக்கு எதுக்குடி கிளிப்? வலது ஷூ உனக்கு, இடது எனக்கு. பெடலும் ஜோடியாத்தானே வருது? வலது பெடல் உன் வண்டிக்கு, இடது பெடல் என் வண்டிக்கு."

நீ குனிந்து என் காலிலிருந்த ஷூவை அமுக்கிப் பார்த்தாய். பிறகு அந்தக் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாய். "இவளுக்கு இன்னா மூளைடா!" கடைக்காரர் தன் பங்குக்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் விட்டுவிடுகிற கிளீட்டாகப் பார்த்துப் போட்டார். பெடலின் ஸ்பிரிங்கை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தினார். உன் கணுக்காலுக்குத் திருப்பும் பலம் இல்லையென்றாலும் தொடையை அசைத்தால் போதும். நீ கடைச் சுவரைப் பிடித்துச் சைக்கிளில் உட்கார்ந்து, மாட்டினாய், கழற்றினாய், மறுபடி மாட்டினாய். அவர் ஷட்டரைப் பாதி இறக்கியபிறகுதான் இறங்கினாய்.

உன் அண்ணனிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். விடிந்ததும் நெம்மேலிப் பக்கம் போய்ப் பழகினோம். முதலில் விழுந்தது யார்? நான்தான்! பூஞ்சேரி கூட்டுச்சாலையில் சிக்னலுக்கு நின்றபோது, பழக்க தோஷத்தில் இடது காலை ஊன்றப் போனேன். அதுதான் மாட்டியிருக்கிறதே. சுற்றுலா பஸ் ஒன்றின் முன்னால் வாழைமரம் போலச் சாய்ந்தேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். நீயோ உன் நல்ல காலை ஊன்றிக்கொண்டு நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

"நல்ல காலு ரெண்டும் இருக்கறவதான் வுழுந்துகினு கீறா!"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தரையில் கிடந்தபடியே நானும் சிரித்தேன். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றே வளர்ந்தவள் நான். அன்று பஸ் நிறையப் பேர் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை.

மார்கழி முடிந்து காற்று தணிந்ததும் ஒருநாள், "கடப்பாக்கம் போலாமா?" என்றாய். உன் வீட்டுக்கு, மிதித்தே. அவ்வளவு தூரம் நாம் போனதே இல்லை. பாலாற்றுப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வந்து தள்ளியது. உன் இடது தொடை பிடித்துக்கொண்டது. மொத்தப் பாரத்தையும் இழுத்தது அந்த ஒரு தொடைதானே? பாலத்து ஓரமாக நின்று தேய்த்துவிட்டேன். வேனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "வாய மூடிகினு தேய்" என்றாய். அதன்பிறகு கூவத்தூர் தாண்டும்வரை எங்கும் நிற்கவில்லை. நான் பின்னால் வந்தேன். உன் வலது பாதம் பெடலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே போகும், மேலே வரும். அதையே பார்த்துக்கொண்டு வந்ததில் எனக்குத் தூரம் தெரியவில்லை.

உன் அண்ணன் கரையோரம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் வருகிறது யார் என்று முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். கண் உன் காலுக்குப் போனது. அப்படியே மணலில் உட்கார்ந்து, ஷூவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

"திருப்பணும்ண்ணே, இழுக்கக் கூடாது."

திருப்பினார். டக்கென்று கழன்றது. தானே திரும்ப மாட்டினார். கழற்றினார். மாட்டினார். ஆறடி மனிதர், பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டும், தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டும்.

"எவ்ளோ தூரம்டி வந்துகீற?"

"மாமல்லபுரத்துலேர்ந்து."

அவர் வீட்டுக்குள் போய்த் தன் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆலம்பரைக் கோட்டை வரைக்கும் போய் வரலாம் என்றார். வழக்கம் போல அவர் முன்னால் போகப் பார்த்தபோது நீ மணி அடித்து நிறுத்தினாய்.

"இத்தினி வருசமா நான் உன் முதுகத்தான் பாத்துகினு வந்தேன். இன்னிக்கு நீ என் முதுகப் பாரு."

உப்பங்கழி ஓரமாக, இடிந்த கோட்டைச் சுவர் வரைக்கும் நீதான் முன்னால் போனாய். வலைகளோடு நின்றவர்கள் கை தட்டினார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு ராங்கி உனக்கு.

அதற்குப் பிறகு நமக்கு எத்தனை ஞாயிறுகள்! பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் நீ இல்லை. அதைப்பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை, எழுதப் போவதும் இல்லை. உன் சைக்கிளில் இப்போது உன் அண்ணன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வலது ஷூவையும் வலது பெடலையும் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்து, மாட்டிக் கழற்றிக் காட்டுகிறாராம். "எம் பொண்ணு இதப் போட்டுகினு வந்தா" என்கிறாராம். தங்கையைப் பெண் என்று சொல்வதை யாரும் திருத்துவதில்லை.

நான் விடவில்லை. இப்போது ஞாயிறுகளில் பெண்கள் சிலர் சேர்ந்து போகிறோம். போன வாரம் புதிதாக ஒருத்தி வந்தாள், தாம்பரத்திலிருந்து. புது ஷூ, புது பெடல். ஆனால் மாட்டப் பயந்து, அரைமணி நேரமாக ஒற்றைக் காலில் நின்றாள். விழுந்துவிடுவேனோ என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டாள். நிதானமாகப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னாத்துக்கு இப்டி பயந்துகினு கீற? வுழுந்தா எழுந்துக்கலாம். மொதல்ல கால உள்ள வுடு."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவள் சட்டென்று காலை மாட்டிவிட்டாள். பத்தடி போய், திரும்பி வந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"எங்க அத்தைய கடப்பாக்கத்துல குடுத்திருக்கு, அக்கா. அங்க இப்படித்தான் பேசுவாங்க. நீங்களும் அந்த ஊருதானா?"

"ஆமா" என்றேன்.