ஆற்றங்கரையில் ஊதிய சங்கு

என் கண்ணான மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கைகால் முழுசாக நலமாக இருக்கிறோம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது நீ பயப்படக் கூடாது. நீ நலமா, இருமல் நின்றதா, வேலை தேடி அலைகிறேன் என்று பட்டினி கிடக்காதே. அப்பாமேல் உனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று தெரியும். வேலை போய்விட்டது என்று நீ போனில் சொன்னதற்கு 'ரொம்ப சந்தோஷம்ப்பா' என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாரே, அன்றோடு அவரிடம் பேசுவதையே விட்டுவிட்டாய். நானும் அவரோடு சண்டை போட்டுப் பார்த்தேன். முகம் செத்துப்போய், வாய் தவறிடுச்சு என்றதோடு சரி.

போன சனிக்கிழமை ஆற்றுக்குப் போனோம். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் விழுந்தடித்து நுரைத்து ஓடுமே, அதைப் பால் மாதிரி படம் எடுக்கணுமாம் அப்பாவுக்கு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் திரும்பிப் பார்க்காத மனுஷருக்கு இந்த ஆசை. கரையிலிருந்த டீக்கடைக்காரர் முதலிலேயே எச்சரித்தார், மேலே அணையைத் திறந்தா சங்கு ஊதும், ஊதினதும் கரைக்கு ஏறிடுங்க என்று. அப்பா தலையை ஆட்டிவிட்டு, கல் கல்லாகத் தாண்டி நடுப்பாறைக்குப் போய் கேமரா ஸ்டாண்டை நிறுத்தி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். நான் பையோடு கரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது, அந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு ஊதியது, அவர் அசையவே இல்லை. இன்னும் ஒரே ஒரு படம் என்கிற பிடிவாதம்தான் என்று நினைத்தேன். என்னங்க என்னங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் மிதித்துப் போன கற்கள் ஒவ்வொன்றாக முழுகிக்கொண்டிருந்தன, என் முழங்கால் வலியை வைத்துக்கொண்டு நான் இறங்கினால் இரண்டு பேரும் போயிருப்போம். பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களை எடுத்து வீசினேன். முதல் பழம் தண்ணீரில் போயிற்று, இரண்டாவது அவர் முதுகில் பட்டது. முறைத்துக்கொண்டு திரும்பினார். சங்கு ஊதிடுச்சு, வந்த வழி முழுகிடுச்சு, இடது பக்கமா வாங்க என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் உடனே இடது பக்கம் தாண்டினார். கடைசிக் கல்லில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டேன். கேமரா கழுத்தில் இருந்தது, ஸ்டாண்டு ஆற்றோடு போயிற்று, போகட்டும்.

காருக்குள் உட்கார்ந்து அழுதேன், திட்டினேன், பிறகுதான் மனசில் உறுத்தியது. அவ்வளவு பெரிய சங்கு காதில் விழாதவருக்கு, எனக்கே கேட்காத என் பேச்சு எப்படிப் புரிந்தது? துண்டால் முகம் துடைக்கிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டு, உங்க தலையில பூச்சி என்றேன். ஆமா ஆமா, நல்ல இடம்தான் என்றார். துண்டை எடுத்துவிட்டு அவரையே பார்த்தேன், அவருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு வருஷமாவே சரியாக் கேக்கல, உதட்டைப் பார்த்துத்தான் சமாளிக்கிறேன், போன்ல உதடு ஏது என்றார். அன்னைக்கு அவன் குரல் நடுங்கினது மட்டும் தெரிஞ்சுது, ஏதோ நல்ல சேதி, சந்தோஷத்துல நடுங்குறான்னு நினைச்சேன் என்றார். உனக்குச் சொல்லக் கூடாதாம், உனக்கு இருக்கிற கவலையே போதுமாம். சரி என்று தலையாட்டிவிட்டு இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். செவிடன் காதில் ஊதின சங்கு என்று அவரை எத்தனை தரம் கேலி செய்திருப்பேன், இனி அந்தப் பழமொழி இந்த வீட்டில் கிடையாது. காது டாக்டரிடம் நாள் கேட்டிருக்கிறேன், முரண்டு பிடித்தால் இழுத்துக்கொண்டு போவேன்.

நீ நன்றாக இரு, உன் திறமைக்கு இதைவிட நல்ல வேலை தானாகத் தேடி வரும். ஒன்று மட்டும் மறக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார், அந்தத் தாடி மீசையை ஒட்ட வெட்டிவிடு, உதடு தெரியணும். அப்பாவிடம் பேசணும் என்று கேள். அன்றைக்குச் சொன்னதை மறுபடியும் நிதானமாகச் சொல். உன் வாயால் அதை அவர் இன்னும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா