ஐம்பதால் வகுத்த சாம்பார்

ஓசூர்
9.2.2025

அன்புள்ள பூங்கொடி அக்காவுக்கு,

ப்ரீதா எழுதுகிறேன். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. எடுக்காததில் தப்பும் இல்லை. அதனால்தான் தபால். நீங்களும் ரத்தினவேல் அண்ணனும் நலம்தானே?

எங்கள் அபார்ட்மெண்டில் எட்டுப் பெண்கள் மாதம் ஒரு சமையல் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒன்றாக, அதில் உள்ள அளவு மாறாமல் சமைத்து ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவோம். நேற்று என் வீட்டு முறை. நான் எடுத்தது உங்கள் நோட்டு. கம்பெனி கேன்டீனில் நீங்கள் விட்டுப்போன நீல அட்டை நோட்டு, இரண்டு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. உங்களைக் கேட்காமல் எடுத்ததற்கு மன்னியுங்கள்.

எல்லாம் நானூறு பேருக்கான அளவு. ஐம்பதால் வகுத்தோம். என் சாம்பார் கூட்டு மாதிரி இறுகி உப்புக் கரித்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அருணா, நோட்டின் ஓரத்தில் நீங்கள் பென்சிலில் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தாள். “அஸ்ஸாம் தம்பிங்களுக்குக் காரம் ஆகல, உருளைக்கிழங்கு தனி.” “கிருஷ்ணப்பன் சாருக்குச் சர்க்கரை, சோறு வேண்டாம், களி.” பக்கத்துக்குப் பக்கம் இப்படியே. சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு என் பெயர் வந்தது. “ப்ரீதா மேடம் மூணு நாளா மோர்தான் குடிக்கிறாங்க. மாசமா இருப்பாங்க போல. ரசம் தனியா, புளி கம்மி.”

அக்கா, அந்தத் தேதியில் என் வீட்டுக்காரர் டெல்வினுக்கே நான் சொல்லியிருக்கவில்லை. நானூறு தட்டுக்கு நடுவில் என் தட்டை எப்படிப் பார்த்தீர்கள்? மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இதை எழுதியவர் இப்போது எங்கே என்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன். நாற்பது பேருக்கு வாந்தி வந்தபோது சாப்பாடுதான் காரணம் என்ற தாளில் கேன்டீன் கமிட்டி ஐந்து பேரில் நானும் கையெழுத்துப் போட்டேன். உங்களை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே தண்ணீர்த் தொட்டிதான் காரணம் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்கள் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

என்னை மன்னிப்பீர்களா? நோட்டை இதே விலாசத்துக்கு அனுப்பட்டுமா?

அன்புடன்,
ப்ரீதா


பர்கூர்
17.2.2025

ப்ரீதா மேடத்துக்குப் பூங்கொடி எழுதுவது.

நலம். இவர் இன்னும் கிரானைட் லாரிதான் ஓட்டுகிறார்.

பெரிய அண்டாவில் தண்ணீர் லேசில் வற்றாது. சின்னப் பாத்திரத்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் வற்றிவிடும். தண்ணீரைக் கூட்டிவைத்து, உப்பைக் கடைசியில் வாயில் விட்டுப் பார்த்துப் போடணும். இன்ஜினியர் அம்மாக்கள் எட்டுப் பேர் கூடியும் இது தோணலையா? படித்துவிட்டு நல்லா சிரித்தேன், அப்புறம் அழுகையும் வந்தது.

தட்டைப் பார்த்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை மேடம். மிச்சம் வைத்துத் திரும்பி வருகிற தட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மன்னிப்பை வைத்து நான் என்ன செய்ய? இங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள், போனேன். பழைய இடத்தில் விசாரித்தார்கள். நீங்கள் ஐந்து பேர் போட்ட தாள்தான் பதிலாக வந்தது. இதோடு மூன்று இடம் போய்விட்டது. நானூறு பேருக்கு ஆக்கிப் போட்டவள் இப்போது கல்யாண வீடுகளில் காய் நறுக்குகிறேன். அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு கையெழுத்துதான் பதில். போட முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் எழுத வேண்டாம், நோட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பூங்கொடி


ஓசூர்
3.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே எழுதாததற்குக் காரணம் பயம். வேலைக்கே ஆபத்து வரும், யோசிச்சுக்கோ என்றார் டெல்வின். பத்து நாள் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில், அந்தத் தாள் தவறு என்று எழுதிக் கொண்டுபோனேன். தொட்டித் தண்ணீரைச் சோதித்த அறிக்கையையும் சேர்த்து வைத்தேன். “முடிஞ்சுபோனதை எதுக்கும்மா கிளறுறீங்க?” என்றார் மேனேஜர். “அவங்களுக்கு இன்னும் முடியல சார்” என்றேன். வாங்க மறுத்தார். மதியம் வரை அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கமிட்டியில் இருந்த கிருஷ்ணப்பன் சார் அந்தப் பக்கம் வந்தவர், படித்துப் பார்த்துவிட்டு அவரும் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் வாங்கினார்கள்.

முத்திரை போட்ட நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இன்னும் என்ன வருமோ தெரியாது, வரட்டும்.

உங்கள்,
ப்ரீதா


பர்கூர்
14.3.2025

அன்புத் தங்கை ப்ரீதாவுக்கு,

இனிமேல் மேடம் என்று எழுத எனக்கு வராது.

நீ அனுப்பிய நகலை இவர் சத்தமாகப் படித்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன். ‘பூங்கொடியின் சமையலில் குற்றமில்லை, குற்றம் எங்களுடையது’ என்ற இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னேன். தன் பெயரைப் போட்டுத் தன் தப்பை எழுதிக் கொடுக்கிற ஆளை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. பிரமித்துப்போனேன். ஹாஸ்டலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். இருநூற்று எண்பது பிள்ளைகள்.

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ கையெழுத்துப் போட்டது அன்றைக்கே எனக்குத் தெரியும். மறுநாள் தட்டோடு வரிசையில் வந்தாய், தலையைக் குனிந்தபடியே நின்றாய். ஆனாலும் நான் சோற்றைக் குறைத்து வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா. இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சோறு கேள்.

அக்கா,
பூங்கொடி