லாரி நிற்கும் நிலம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பியும் நலம், என் முழங்காலைத் தவிர. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலையில் நின்று நின்றே காலை வீங்க வைத்துக்கொள்ளாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

நீ மெயிலில் அனுப்பிய சம்மதக் கடிதம் நேற்று பத்திர ஆபீஸுக்கு வந்துவிட்டது. போனில் நான் அவசரமாகக் கொட்டியதில் உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும், முழுசாகச் சொல்கிறேன். புறவழிச்சாலை வந்ததிலிருந்து நம் பக்கம் நிலமெல்லாம் யானை விலை குதிரை விலை. கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள், யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், வாரிசுகள் அத்தனை பேரும் சம்மதித்தால்தான் கைமாறும் என்று புதுச் சட்டம். பார்த்தால் பக்கத்து லாரிக்காரர் இருக்கும் ரோட்டோர நிலம் காலமான உன் அப்பா பேரில், நாம் உழும் கிணற்றடி நிலம் அவர் பேரில்! முப்பது வருஷத்துக்கு முன்னால், லாரி நிறுத்த ரோட்டோரம் வேண்டும் என்று அவரும், தண்ணீர் பக்கத்தில் வேண்டும் என்று அப்பாவும் வேலியடியில் நின்று வாயாலேயே மாற்றிக்கொண்டார்கள். பத்திரம் எழுத இருவருக்கும் தோன்றவில்லை. அவர் இருக்கும் நிலத்துக்கு நாமும், நாம் உழும் நிலத்துக்கு அவரும் வருஷா வருஷம் வரி கட்டிவிட்டு, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

புரோக்கர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். அக்கா, ரோட்டோரம் சட்டப்படி உங்களதுதான், ஒரு கையெழுத்துப் போடுங்க, ஏழு தலைமுறை உக்காந்து சாப்பிடலாம்னு தேன் ஒழுகப் பேசினார். அங்கே வீடு கட்டி இருக்கும் லாரிக்காரரின் மனைவி, நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரிங்க என்றாள். அதைக் கேட்க எனக்குத்தான் கூசியது. பரிவர்த்தனைப் பத்திரம் எழுதி, மாற்றிக்கொண்டதை முறையாகப் பதிந்துவிடலாம் என்று நானும் தம்பியும் அங்கேயே சொல்லிவிட்டோம். புரோக்கர் சிரித்தார். தூரத்துல இருக்கற பொண்ணு விலையைக் கேட்டதும் மனசு மாறிடும் பாருங்க என்றார்.

நேற்று குமாஸ்தா எல்லோர் முன்னாலும் உன் கடிதத்தை வாசித்தார். அப்பா கொடுத்த வாக்கு என் வாக்கும்தான், முழுச் சம்மதம், ஆனால் கிணற்றடிக்குப் போகப் பன்னிரண்டு அடிப் பாதை பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அடியே, எங்களுக்கு அது தோன்றவே இல்லை! முப்பது வருஷமாக அவர் வாசல் வழியாகவே போய் வந்தோம், நாளைக்கு அவர் விற்றால் நாம் பறந்தா போவோம்? லாரிக்காரர், அப்படியே அவங்கப்பன்தான் என்று வாய்விட்டுச் சிரித்து, லாரி நிற்கிற இடத்தையே பாதைக்கு எழுதிக் கொடுத்தார். ஆபீஸ் வாசலில் போவோர் வருவோரிடமெல்லாம் என் மகள் என் மகள் என்று நான் பீற்றிக்கொண்டதில் உன் தம்பி வெட்கப்பட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

ஒன்று சொல்ல வேண்டும், போனில் சொல்ல வாய் வரவில்லை. புரோக்கர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து உன் பதில் வரும்வரை மூன்று நாள் எனக்கும் பயம் இருந்தது. யாரோ ஒருவன் சொன்னதற்காகப் பெற்றவளே உன்னைச் சந்தேகப்பட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே.

நோய்நொடி இல்லாமல் நீ நிறைந்து வாழ வேண்டும். ஆபீஸில் நகல் போதாது என்கிறார்கள், அசலை மறக்காமல் தபாலில் போடு.

இப்படிக்கு,
மூன்று நாள் உன்னை அறியாமல் இருந்த
அம்மா