ஆஷிகாவின் முகத்துக்கு நான் போட்ட கையெழுத்து

தென்காசி
21.6.2024

அன்புள்ள மச்சானுக்கு ஜாஹிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். போனில் கேட்டால் அங்கே உங்கள் அறையிலிருக்கும் ஆறு பேரும் கேட்பார்கள், இங்கே மாமி கேட்பார்கள். அதனால்தான் காகிதம். பெருநாள் முடிந்து நாளை ஷார்ஜா திரும்பும் பாரூக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று கொச்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "ஆஷிகாவோட உம்மாதானே? ஜூலை இருபத்திரெண்டு ஆப்பரேஷன். பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் உண்டோ?" என்றாள். ஹார்ட்டில் மறுபடியும் ஏதாவதா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு முகத்தைச் சரிசெய்வது என்றாள். கண்ணோரத்து மடிப்பை எடுப்பார்களாம். மூக்குத் தண்டை உயர்த்துவார்களாம். நாக்கில் ஒரு துண்டை வெட்டிக் குறைப்பார்களாம். காய்கறிக் கடையில் சாமான் சொல்வதுபோல் சொன்னாள். "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றும் சொன்னாள்.

போட்டுத்தான் இருக்கிறேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக உங்கள் தம்பி உசாமா நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் போடுகிறேன். ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், வீட்டு வரி. "மதினி, இங்கன ஒண்ணு, அங்கன ஒண்ணு" என்பான், போடுவேன். வெளிநாட்டில் மாப்பிள்ளை இருக்கிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம். இங்கிலீஷில் இருந்ததை நான் எங்கே வாசித்தேன்? இதயச் செக்கப் என்று சொல்லித்தான் போன ஏப்ரலில் அவளைக் கொச்சிக்குக் கூட்டிப்போனான். அங்கே அவள் முகத்தை அளந்து படம் எடுத்திருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து என்னை நன்றாக முட்டாளாக்கிவிட்டீர்கள்.

பிறந்த எட்டு மாதத்தில் அவள் நெஞ்சைத் திறந்தார்கள். அது உயிருக்கு. உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. பதினோரு நாள் ஐ.சி.யு. வாசலில் நான் கிடந்தேன். குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று அந்தச் சின்னக் கையைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். ஒன்பது வயதாகியும் வெள்ளைக் கோட்டைக் கண்டால் என் முந்தானைக்குள் ஒளிகிறாள். ஒரு நோயும் இல்லாத அந்தப் பிள்ளையை மறுபடி மேசையில் கிடத்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அவள் முகத்தில் என்ன கோளாறு என்று எழுதுங்கள். பெற்ற எனக்குத் தெரியவில்லை.

கோபத்தோடு,
ஜாஹிரா பீவி

ஷார்ஜா
3.7.2024

அன்பு ஜாஹிராவுக்கு மசூது எழுதிக்கொள்வது. வ அலைக்கும் ஸலாம்.

மறைத்தது தப்பு. உசாமாவைத் திட்டாதே. உன்னிடம் சொல்லாதே என்று அவனிடம் சொன்னது நான்.

பாசம் இல்லாமலா செய்கிறேன்? நமக்குப் பிறகு அவளுக்கு யார்? அவள் வாய் திறக்கும் முன்பே முகத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிறார்கள். நோன்பு மாதத்தில் ஒருநாள் வீடியோவில் எனக்கு அரபி எழுத்து அலிஃப், பே சொல்லிக் காட்டினாள். என் பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். போனை அணைத்துவிட்டுக் கழிவறையில் போய் நின்று அழுதேன். அன்றைக்கு எடுத்த முடிவு இது. நாக்கைக் குறைத்தால் பேச்சும் தெளியலாம் என்று டாக்டர் சொல்கிறார். அவளைக் கேட்காமல் செய்வதா என்பாய். காது குத்தியபோது கேட்டாயா? அழ அழப் பிடித்துக்கொண்டது நீதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். மே மாதம் வீரகேரளம்புதூர்க்காரர்கள் நம் மூத்தவள் பாஹிமாவைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்கு ஆஷிகா எங்கே? பக்கத்து வீட்டு ரெபேக்காள் டீச்சரிடம் கொண்டுபோய் விட்டாய். என் உம்மா சொன்னார்கள். முகத்தில் கோளாறு இல்லையென்றால் ஏன் ஒளித்தாய்? நீ ஒளிக்கிறாய். ஒளிக்க வேண்டியதில்லாமல் செய்ய நான் பார்க்கிறேன். நம்மில் யார் கெட்டவர்?

ஆப்பரேஷனுக்குப் பிறகு எப்படி இருப்பாள் என்று டாக்டர் கம்ப்யூட்டரில் செய்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திட்டு. விடுப்பில் வரும் சுந்தரபாண்டியபுரம் மணிமுத்து கொண்டுவந்து தருவான். நான் இருபதாம் தேதி வருகிறேன்.

மசூது

தென்காசி
9.7.2024

மச்சானுக்கு,

ஒளித்தேன். உண்மைதான். கலர் பென்சில் டப்பாவைக் கையில் கொடுத்து ஏமாற்றி அனுப்பினேன். அதை நீங்கள் எழுதி நான் வாசித்தபோது உங்கள் மேலிருந்த கோபத்தில் பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. மீதிப் பாதி உங்களுக்குத்தான், குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பேச்சை உறுதிசெய்ய மறுபடி வந்தார்கள். "அவள டீச்சர் வீட்டுல விட்டுட்டு வா" என்றார்கள் மாமி. நான் அவளுக்குப் பெருநாள் சட்டையைப் போட்டு, நடுவீட்டில் உட்காரவைத்தேன். மாப்பிள்ளையின் உம்மா "இது யாரு?" என்றார்கள். "எம் மவ, இளையவ" என்றேன். "இத நீங்க சொல்லலியே" என்றார்கள். சொல்லாதது என் தப்பு என்றேன். ஆஷிகா ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டு, பிஸ்கட் தட்டை நீட்டினாள். இரண்டு பேர்தான் எடுத்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் இன்னும் சொல்லவில்லை. மாமி என்னோடு பேசுவதில்லை. பாஹிமா, "வராட்டா போறாக உம்மா. நாளைக்கு எம் பிள்ள மூஞ்சியையும் இப்படித்தான பாப்பாக" என்று சொல்லிவிட்டுப் புடவையை மடித்து வைத்தாள்.

காது குத்தியது சரியா தப்பா, எனக்குத் தெரியாது. கம்மல் வேண்டாமென்றால் அவளே கழற்றிப் போடுவாள். மூக்கைக் கழற்றுவாளா? நாக்கைப் பற்றிப் பேச்சுப் பயிற்சி தரும் ரூபியிடம் கேட்டேன். வெட்டினால் பேச்சு தெளியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, பயிற்சியை விடாதீர்கள் என்றாள். நம் பிள்ளைக்கு எதற்காக வலி? உங்கள் அறையில் ஒருவன் சிரித்தான் என்பதற்காகவா? அவனை நீங்கள் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவனை விட்டுவிட்டு இவளை வெட்டக் கிளம்பியிருக்கிறீர்கள்.

நேற்று சாரல் நன்றாக இருந்ததால் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் தலையில் விழும்போது பெண்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கி, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் என் பிள்ளை வேடிக்கைப் பொருளாக இல்லாமல் குளித்தாள்.

திரும்பி வந்து துணி மாற்றும்போது அந்தப் படம் அவள் கையில் அகப்பட்டுவிட்டது. "இது யாரு?" என்றாள். வாப்பா அனுப்பினாங்க என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பிள்ள நம்ம வீட்டுக்கு வருதா?" என்றாள். படத்தை வாங்கக் கை நீட்டினேன். "அப்பம் நான் டீச்சர் வீட்டுக்குப் போவணுமா?" என்றாள்.

படித்தீர்களா மச்சான்? இன்னொரு தடவை படியுங்கள்.

ரெபேக்காள் டீச்சரை உட்காரவைத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டு, என் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக இங்கிலீஷில் எழுதி ஆஸ்பத்திரிக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்பிவிட்டேன். வாசித்துவிட்டு நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான். அதில் வருத்தம் இல்லை. நீங்கள் இருபதாம் தேதி வாருங்கள். அவளைப் பார்க்க வாருங்கள்.

ஜாஹிரா பீவி

ஷார்ஜா
15.7.2024

ஜாஹிராவுக்கு,

தேதியை ரத்து செய்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டாய். பாஹிமாவின் சம்பந்தமும் உன் பிடிவாதத்தால் போகப்போகிறது. டிக்கெட்டை நானும் ரத்து செய்துவிட்டேன். இனி உன் பிள்ளை, உன் பாடு.

மசூது

தென்காசி
21.7.2024

மச்சானுக்கு,

உங்கள் கூரியர் வியாழக்கிழமையே வந்துவிட்டது. நீங்கள் வரவில்லை என்பதை ஆஷிகாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு வாரமாக ஒவ்வொரு விடியலிலும் எத்தனை நாள் என்று விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தவள்.

நேற்று காலையிலேயே குளித்துவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் வாப்பாவோடு சாப்பிடுகிறேன் என்றாள். ஆட்டோ வந்தபோதெல்லாம் எழுந்தாள். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "வாப்பா இன்னைக்கு வரலம்மா" என்றேன்.

"கோவமா?" என்றாள்.

"ஆமா. எம் மேல கோவம். ஒம் மேல ஒண்ணும் இல்ல" என்றேன். சரியென்று உள்ளே வந்து சாப்பிட்டாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் உங்களுக்காக எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன். அவள் மேல் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றேனே, அதுதான் கடைசிப் பொய். அடுத்த தடவை அவள் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதற்குள் வந்துவிடுங்கள்.

ஆஷிகாவின் உம்மா,
ஜாஹிரா பீவி