அழிந்துபோன ‘அம்மா’ செட்டிங்

அன்புள்ள வாண்டுக்கு,

இங்கே நான் நலம், உன் அம்மா நலம், என் போனும் நலம். போனை எதற்குத் தனியாகச் சொல்கிறேன் என்று போகப்போகத் தெரியும். அங்கே நீயும் நீ எண்ணெய் ஊற்றி வளர்க்கிற இன்ஜினும் மக்கர் பண்ணாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உன் கப்பல் கரை தொட இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றும், அதற்குள் கொடுத்தால் கடிதத்தை அந்தத் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவோம் என்றும் உன் கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். அவசரம் என்றால் கப்பலுக்கே தகவல் அனுப்பலாமாம். உன் அம்மாதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “நடுக்கடல்ல இருக்கறவ என்ன செய்வா, ராத்தூக்கம்தான் கெடும்” என்றாள். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு எழுதுகிறேன், அதனால் பதறாமல் படி. முதலில் உனக்கு ஒரு பெரிய நன்றி சொல்ல வேண்டும். பெற்ற மகளுக்கு என்ன நன்றி என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், நான் சொல்லத்தான் போகிறேன்.

நீ போன வருடம் லீவில் வந்தபோது என் காது மிஷினுக்கு போனில் ஒரு ஆப் போட்டு, பத்து நாள் என்னோடு மல்லுக்கட்டி நாலு செட்டிங் செய்து வைத்தாயே, சமையலறை, தெரு, ஆலை, அம்மா என்று. போன மாதம் அந்த ஆப் ஒரு அறிவிப்பு காட்டியது. இந்த போனின் சாஃப்ட்வேர் பழசு, அடுத்த மாதத்திலிருந்து இதில் வேலை செய்ய மாட்டேன் என்று. போன் கம்பெனிக்காரன் புதுசு எதுவும் அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டான். உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தவன், தூக்கிப் போட்டுட்டுப் புது போன் வாங்குங்கப்பா என்றான். கீறல்கூட விழாத போனை எதற்குத் தூக்கிப் போடுவது? நம் தெரு முனையில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற பெண் இருக்கிறாளே, எப்போதும் பேட்டரி டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு வேலை செய்பவள், அவளிடம் கொண்டுபோனேன். கம்பெனி கைவிட்ட போன்களுக்கென்றே வேறு ஆட்கள் புது ஃபர்ம்வேர் எழுதித் தருகிறார்கள், அதைப் போட்டால் இன்னும் நாலு வருடம் ஓடும் என்றாள். ஆனால் போடும்போது உள்ளே இருப்பது மொத்தமும் துடைத்துப் போய்விடும், அதனால் ஆப், செட்டிங் எல்லாவற்றுக்கும் பேக்கப் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள் என்று, எனக்குக் கேட்கிற மாதிரி, டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டே சொன்னாள்.

நான் எடுத்தேன், வாண்டு. யார் உதவியும் இல்லாமல் நானே எடுத்தேன். மர ஆலையின் ஸ்டோர் ரூமில் இருபத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவன், ஒரு ஆணிப் பெட்டியைக்கூட பெயர் ஒட்டாமல் வைத்ததில்லை. ஆப்புக்குள் போய்த் தேடி, செட்டிங்குகளைச் சேமிக்கும் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தி, ‘பத்திரம்’ என்று ஒரு ஃபோல்டர் செய்து அதில் போட்டுவிட்டு ஒரு டீயும் குடித்தேன். அந்தப் பெண் சனிக்கிழமை, “பேக்கப் எடுத்துட்டீங்களா சார்?” என்றாள். எடுத்தாச்சு என்றேன். “வேற இடத்துலதானே வெச்சிருக்கீங்க?” என்றாள். வேறு இடத்தில்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை, இன்னொரு தரம்கூடக் கேட்டாள், நான்தான் என்கிட்டயா கேக்கறே என்று முறைத்தேன். விஷயம் என்னவென்றால், ஸ்டோரில் வேறு இடம் என்றால் வேறு அலமாரி. நான் பத்திரப்படுத்திய ஃபோல்டர் அதே போனுக்குள்தான் இருந்தது. துடைத்தபோது அலமாரி, பெட்டி, நான் ஒட்டிய பெயர் எல்லாம் சேர்ந்து போய்விட்டது. புது ஃபர்ம்வேர் ஏறி போன் பளிச்சென்று எழுந்தது, நெட்டிலிருந்து தொலைபேசி எண்கள் வந்தன, போட்டோக்கள் வந்தன, ஆப்பும் வந்தது. ஆப்பைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. சத்தத்தை ஏற்றி இறக்குகிற பதினொரு கோடுகளும் நடுவில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எங்கே வெச்சீங்க என்று அந்தப் பெண் கேட்டபோது நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அசடு வழிந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பாவம், அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். உன் அம்மா போய்த் தன் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். பால் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க அளவு பார்த்து எழுதுகிற கை அல்லவா, கண்ணில் பட்ட எண்ணை எழுதாமல் விடாது. நான் பேக்கப் எடுக்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டு குளிக்கப் போன நேரத்தில் போனைத் திறந்து, பதினொரு கோடும் எந்தெந்தப் படியில் நிற்கிறது என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள்! அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றினோம். சமையலறை வந்தது, தெரு வந்தது, ஆலை வந்தது. நான்காவது பக்கத்தைப் புரட்டினால் காலி. அம்மா செட்டிங் எங்கே என்று கேட்டேன். அவள் என்னவோ சொன்னாள். உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் விழவில்லை. கடைசியில் அதே பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: “என் சத்தத்தைக் குறைக்கிறதுதானே அது, போனால் போகட்டும்னு எழுதலை.”

தப்பு என்னுடையதுதான். நீ அந்தப் பெயரை வைத்த அன்றே, இது உன் அர்ச்சனையைக் குறைக்கிறதுக்கு மகள் செஞ்சு குடுத்த வசதி என்று அவளிடம் வேடிக்கையாகச் சொன்னேன். சொன்னதோடு நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் வெறும் காற்றாகிவிட்டது உனக்குத் தெரியும். அந்தக் காற்றை என் காது பிடிப்பதற்காகத்தான் நீ அந்த நான்காவது செட்டிங்கைச் செய்தாய். அதனால் அவள் வாயைத் திறந்த உடனே நான் போனை எடுத்து அதைப் போடுவேன். அவள் பார்வையில் அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசித்துப் பார். பேச ஆரம்பித்த உடனே புருஷன் போனைத் தட்டித் தன் குரலை அணைக்கிறான்! ஒரு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டிருக்கலாமே என்கிறாயா? கேட்கிற ஆளா உன் அம்மா? அந்த நோட்டிலேயே நான் எழுதினேன், அது உன் குரலைக் குறைக்க இல்லை, கேட்க, அது இல்லாமல் நீ பேசுவது எனக்கு ஒரு வார்த்தையும் கேட்காது என்று. படித்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து விட்டாள். திரும்பி வந்தபோது பென்சில் சீவி வைத்திருந்தாள். புதுப் பக்கத்தில் பதினொரு கட்டம் போட்டாள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள், அவள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் சாயங்காலம் ஐந்தரைக்கு எங்களுக்குப் பரீட்சை. நீ செய்த முறையேதான். நான் ஹாலில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், உதட்டைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. அவள் பின்னால் சாப்பாட்டு மேசையிலிருந்து பத்து வரி சொல்வாள். கேட்டதை நான் எழுத வேண்டும், அவள் திருத்தி மார்க் போடுவாள், ஒரு கோட்டை ஒரு படி நகர்த்திவிட்டு மறுபடியும் பத்து வரி. முதல் நாள் பத்துக்கு இரண்டு. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு மோசமில்லை. இரண்டு நாள் பேப்பரிலிருந்து படித்தாள், மூன்றாம் நாள் அவளுக்கே சலித்துப்போய் வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். பரிசோதனைக் கூடத்தில் புது தராசு வந்தது, மேனேஜர் தொப்பை, மாடி வீட்டுக்காரர் செருப்பை வாசலிலேயே விடுவது, உன் பழைய சைக்கிளை யாருக்கும் தராமல் அவள் ஒளித்து வைத்திருப்பது எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நான்கு மார்க் ஐந்தானது, ஐந்து ஏழானது.

ஆறாம் நாள் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனேன். ஏழாவது வரியை எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று படித்தேன். ‘ஒரு வருஷமா தினமும் தொண்டை வலிக்குது.’ தராசு வந்ததைச் சொன்ன அதே குரலில் சொல்லியிருக்கிறாள். நான் சுவரைப் பார்த்தபடியே இருந்தேன், திரும்பத் தைரியம் வரவில்லை. அவள் எழுந்து வந்து என் தோளுக்கு மேலிருந்து பேப்பரைப் பார்த்து, அந்த வரிக்கு நேராகச் சரி என்று ஒரு டிக் போட்டாள். நான் அவள் குரலை அணைக்கிறேன் என்று நினைத்து, அதையும் தாண்டிக் கேட்கட்டும் என்று, வீட்டுக்குள் இருக்கிற நேரமெல்லாம் ஆபரேஷன் செய்த தொண்டையால் கத்தியிருக்கிறாள், வாண்டு. ஒரு விளையாட்டுப் பேச்சு செய்த வேலை. மன்னித்துவிடு என்று சொன்னேன். “எழுதுங்க, எட்டாவது வரி” என்றாள். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். கேட்கவில்லை என்றால் அவள் குரல் ஏறக்கூடாது, கோடுதான் ஏற வேண்டும். போன வருடம் நீ வாசிக்கச் சொன்னபோது, எந்த செட்டிங்குக்கு என்று தெரியாமலே, எனக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று மூச்சைப் பிடித்துத்தான் படித்தாளாம், இப்போது சொல்கிறாள். அதனால் இந்தப் புது செட்டிங் அவள் சாதாரணமாகப் பேசும் குரலுக்கே ஆனது. நேற்று அடுக்களையில் அவள் தனக்குத்தானே முணுமுணுத்ததுகூட ஹாலில் எனக்குக் கேட்டது. என்னைத்தான் திட்டினாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

தொண்டை டாக்டரிடம் போய் வந்துவிட்டோம். பயப்பட ஒன்றுமில்லை, கத்தாமல் இருந்தால் போதும் என்றார். பேக்கப்பும் இந்த முறை ஒழுங்காக இருக்கிறது. ஒன்று உன் அண்ணனின் கம்ப்யூட்டரில், ஒன்று அந்தக் கடைக்காரப் பெண் சொல்லிக்கொடுத்தபடி நெட்டில், ஒன்று அம்மாவின் நோட்டில், நான்காவது இந்தக் கடிதத்தின் அடியில் அவள் கையெழுத்தில். இதை போட்டோ எடுத்து போனில் வைத்தால் போதும் என்று நினைக்காதே, காகிதத்தை உன் பெட்டியிலும் வை. முக்கியமான விஷயம், இன்ஜின் ரூமுக்குள் போகும்போது காது மூடியைப் போட்டுக்கொள். இரண்டு நிமிஷ வேலைதானே என்று போடாமல்தான் நானும் ரம்பம் ஓடுகிற கூடத்தைத் தாண்டிப் போய்வந்தேன், அந்த இரண்டு நிமிஷங்கள் சேர்ந்துதான் என் காதைத் தின்றன. நேரத்துக்குச் சாப்பிடு. நீ அன்று பத்து நாள் லீவை எனக்காகச் செலவழித்துக் கற்றுக்கொடுத்த முறை இல்லையென்றால் நாங்கள் இருவரும் இந்த வயதில் சைகை பாஷைதான் பேசியிருப்போம். நன்றி, மகளே. கடைசி நாள் பத்துக்குப் பத்து வாங்கினேன். பத்தாவது வரி, “அந்த செட்டிங்குக்கு அவ வெச்ச பேரு அப்படியே இருக்கட்டும்னு மகளுக்கு எழுதுங்க.” மெதுவாகத்தான் சொன்னாள். கேட்டது, எழுதிவிட்டேன்.

நீ எந்தக் கடலில் இருந்தாலும் நல்ல காற்றும் நல்ல மனிதர்களும் உன் பக்கம் இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா

அம்மா செட்டிங், இடமிருந்து வலம்: 3, 3, 4, 6, 7, 9, 9, 8, 6, 5, 2. நீ வைத்திருந்த எண்களை எழுதாமல் விட்டது என் தப்பு, கண்ணு. இது நாங்கள் இரண்டு பேரும் போட்டது. காது மூடி, மறக்காதே. அம்மா.