தவக்காலத்தில் ஒரு கப்பல் கேம்

தோட்டவெளி, மன்னார்
20.02.2026

அன்புள்ள அபிசா,

தபாலில் கடிதம் வந்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று உன் உம்மா பதறியிருப்பார். சொல்லிவிடு, எல்லோரும் சுகம். என் போன் மட்டும்தான் உயிரோடு இல்லை. விபூதிப் புதனன்று காலை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இனி உயிர்த்த ஞாயிறுக்குத்தான் திரும்பக் கிடைக்கும்.

நீ திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேள். கொழும்பில் நம் இருவருக்கும் இடம் கிடைத்திருக்கிறதே, கேம் செய்யப் படிப்பிக்கும் அந்த ஆறு மாத வகுப்பு, அதைப் பற்றி ஒருவழியாக வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா வலையைத் தைத்துக்கொண்டே, "கொம்மாட்டைக் கேள்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், நழுவிவிடுவார். அம்மா கேட்டதும் இடுப்பில் கையை வைத்தார்.

"உனக்கு உது படிப்பில்லை, பைத்தியம். படிப்பெண்டால் நாலு நாள் மூடி வைக்கலாம். பைத்தியமெண்டால் ஏலாது. தவக்காலம் முழுக்க ஒரு கேமும் விளையாடாமல் இருந்து காட்டு பாப்பம். இருந்தால் விடுறன்."

"சத்தியமாய்?"

"இந்தத் திரேசம்மா சொன்னால் சொன்னதுதான்."

எனவே ஏற்றுக்கொண்டேன். உன்னை உன் வாப்பா தனியாகக் கொழும்புக்கு அனுப்ப மாட்டார், நான் வந்தால்தான் நீயும் என்பது தெரியும். ஆகவே நம் இருவரின் கொழும்பும் இப்போது என் பத்து விரல்களில் இருக்கிறது. அவை சும்மா இருக்கும்போதுதான் எவ்வளவு துடிக்கின்றன என்று தெரிகிறது. நேற்று மீன் கழுவும்போது கட்டைவிரல் தானாக அசைந்தது!

விளையாடத்தான் தடை, பேசத் தடையில்லை. தை மாதம் உன் அண்ணன் நவ்ஷாத் நானாவின் கேம் கடையில் ஹெட்செட் போட்டதிலிருந்து எனக்குள் கிடப்பதையெல்லாம் சொல்லப் போகிறேன். இத்தனை வருடம் நாம் போனில் விளையாடியது சாவித்துவாரத்தால் அடுத்த வீட்டைப் பார்த்தது, அவ்வளவுதான். வீ.ஆரில், அந்த ஹெட்செட்டுக்குள், கதவு திறக்கிறது. குனிந்தால் தரை, நிமிர்ந்தால் வானம். அந்தக் கப்பல் கேமில் என் கையை நானே பார்த்துப் பயந்தேனே, ஞாபகமா? நீ இரண்டு நிமிடத்தில் தலைசுற்றி வாளியைத் தேடினாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வள்ளத்தில் போகும்போது அப்பா, "கிட்டே பார்க்காதே, தூரத்தைப் பார்" என்பார். அதையே அங்கும் செய்தேன்.

சுட்டுத்தள்ளுகிற துவக்குச் சண்டைக் கேம்கள் இனி வேண்டாம் என்றும் முடிவெடுத்திருக்கிறேன். அப்பா அந்தச் சத்தம் கேட்டால் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். அவருக்காகச் சத்தத்தை நிறுத்திவிட்டு விளையாடிப் பார்த்தேன். சத்தம் இல்லாவிட்டால் அதில் ஒன்றுமே இல்லையடி, சப்பென்று இருக்கிறது. நாம் செய்யப்போகும் கேமில் துவக்கே வராது.

உனக்கு நோன்பு தொடங்கியிருக்குமே. பசியோடு இருப்பவளிடம் இவ்வளவு நீட்டக் கூடாது. பதில் எழுது, கோழிக் கிறுக்கல் என்றாலும் பரவாயில்லை.

விரல் துடிக்கும்,
மேரிசெல்வி


புத்தளம்
27.02.2026

மேரிக்கு,

கோழிக் கிறுக்கல் உன்னுடையது. உன் கடிதத்தை வாசிக்க நானாவும் நானும் சேர்ந்து பாடுபட்டோம்.

நோன்பு நல்லபடியாகப் போகிறது. அதைவிட ஒரு செய்தி. நானும் நோன்பு முடியும்வரை கேம் விளையாடுவதில்லை என்று நிய்யத்து வைத்திருக்கிறேன். நீ மட்டும்தான் பெரிய ஆளா? இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கியிருக்கிறோம், ஒன்றாக முடிப்போம். எருக்கலம்பிட்டியில் மாமா வீட்டில் இருந்து உன்னோடு கணினி வகுப்புக்கு வந்த காலத்திலிருந்தே நமக்கு எல்லாம் அப்படித்தானே.

வீ.ஆர். பற்றி நீ சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிக்கு அடிக்க வருவேன். அந்த ஹெட்செட்டைச் செய்தவர்கள் முக்காடு போட்ட தலையை வாழ்க்கையில் கண்டதில்லை. பட்டி வழுக்கி வழுக்கி மூக்கில் வந்து நிற்கிறது. இப்போது உள்ளே ஒரு பருத்தித் தொப்பியைப் போட்டு, அதன்மேல் பட்டியை இறுக்கி, கடைசியில் முக்காட்டைச் சுற்றிக்கொள்ள யோசித்திருக்கிறேன். தலைசுற்றலுக்கு நீ சொன்ன வழியையும் செய்து பார்க்க வேண்டும். ஆனால் கதை சொல்ல வீ.ஆர். ஆகாது என்பது என் கட்சி. யார் கதை சொன்னாலும் நான் பின்னால் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது கதிரையில் உட்கார். அந்தக் கப்பல் கேமுக்கு நாடு முழுக்கப் போட்டி வைக்கிறார்கள்! இருவர் கொண்ட குழு. ஒருத்தி ஹெட்செட் போட்டு, புயலில் கயிறு கயிறாகப் பாய்மரத்தில் ஏற வேண்டும். மற்றவள் எங்கிருந்தும் போனில் வழி சொல்லலாம், எந்தக் கயிறு அறுந்தது என்ற வரைபடம் அவளிடம் மட்டும்தான் இருக்கும். முதலாவதாக வரும் குழுவுக்கு ஆளுக்கொரு ஹெட்செட். மார்ச் 28, சனிக்கிழமை. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம். நானாவின் கடைப் பெயரில் நம் இருவரையும் பதிந்துவிட்டேன்.

துள்ளு!

அபிசா


தோட்டவெளி
05.03.2026

அபிசா,

துள்ளினேன். துள்ளிவிட்டுக் கலண்டரைப் பார்த்தேன்.

ஒன்றாகத் தொடங்கினோம் என்பது சரி. ஒன்றாக முடிப்போம் என்று யாரடி உனக்குச் சொன்னது? உங்கள் நோன்பு ஒரு மாதம். எங்கள் தவக்காலம் அதற்கும் மேலே போகும். உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் ஐந்து. நீ பதிந்த நாள் குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள். நீ விளையாட்டுக்குத் திரும்பியிருப்பாய், நான் இன்னும் விரலைக் கட்டிக்கொண்டு இருப்பேன்.

உன்னில் பிழை சொல்ல முடியாது. உன் கடிதத்தை வாசித்தபோது எனக்கும்தான் அது உறைக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு காய்ந்தால் ஒரே நேரத்தில் சோறு கிடைக்கும் என்று இருந்துவிட்டோம். நாளை மாற்ற ஏலுமா என்று கேள். கெதியாகக் கேள்.

மேரி


புத்தளம்
10.03.2026

என் மேரி,

கேட்டேன். மாற்ற முடியாதாம். பெயரையும் எடுக்க முடியாது, நானா கடை வாசலில் பெரிய பதாகை கட்டிவிட்டார். அதில் என் பெயரைவிட உன் பெயர் பெரிது.

ஆனால் யோசித்தேன், மேரி. ஹெட்செட் போடப்போவது நான். கொன்ட்ரோலரைப் பிடிப்பது நான். நீ தோட்டவெளியில் இருந்து ஒரு தாளைப் பார்த்து வாயால் சொல்லப்போகிறாய், இடது, வலது, மேலே. அது கேமா? பேருந்துக்கு வழி சொல்வது போலத்தானே? அம்மாவிடம் அப்படியே எடுத்துச் சொல். அவர் நல்லவர், விளங்கிக்கொள்வார்.

எனக்கு இது எவ்வளவு ஆசை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. உன்னை விட்டால் எனக்கு வழி சொல்ல ஆள் இல்லை. நானா வழி சொன்னால் கடலுக்குள்தான் போவேன்.

காத்திருக்கும்,
அபிசா


தோட்டவெளி
16.03.2026

அபிசா,

உன் கடிதம் எனக்குக் கோபத்தைத் தந்தது. ஏனென்றால் நானும் இரண்டு நாள் அப்படியே யோசித்தேன்.

வாயால்தானே என்கிறாய். போன வருடம் நம்மோடு விளையாடிய பெடியங்கள் என்னை "சும்மா கதைக்கிறவள்" என்று சொன்னபோது நான் எவ்வளவு சண்டை பிடித்தேன்? வழி சொல்பவளும் ஆட்டக்காரிதான், பாதி ஆட்டம் அவள் வாயில்தான் இருக்கிறது என்று தொண்டை கிழியக் கத்தினேன். இன்றைக்கு எனக்கு வசதி என்றதும் அது ஆட்டமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அம்மா நம்பியும்விடுவார், அதுதான் இன்னும் மோசம். நான் வழி சொல்ல மாட்டேன். கோபி, திட்டு, என்ன வேண்டுமானாலும் செய்.

இதை எழுதிக்கொண்டு மேசையில் கண்ணைத் துடைத்ததை அம்மா பார்த்துவிட்டார்.

"என்னடி?"

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "அப்ப அந்தப் பிள்ளைக்கு வழி சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார்.

"ஓம்."

"நான் இந்தத் தவக்காலம் இறைச்சிதான் விட்டனான். கேம் விடேல்லையே."

வலை தைத்துக்கொண்டிருந்த அப்பாவின் ஊசி கையில் குத்திவிட்டது. சும்மா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லையாம். "நான் சொல்லுறன். படம் பார்த்து இடது வலது சொல்லத் தெரியாதோ? உன்ர கொப்பருக்கு இருபத்தஞ்சு வருஷமாய் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறன்."

என்ன செய்வது என்று நீயே முடிவெடு. பாதி பயம், பாதி சிரிப்பு.

மேரிசெல்வி


புத்தளம்
22.03.2026

மேரி!

பெருநாள் வாழ்த்து. வட்டிலப்பம் உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

வழி சொல்பவரை மாற்றலாமாம், கேட்டுவிட்டேன். நேற்று மாலையே உன் அம்மாவோடு போனில் பழகிப் பார்த்துவிட்டேன். உன்னை முற்றத்துக்குத் துரத்திவிட்டுத்தான் பேசினாராம். முதல் தடவை, "பிள்ளை, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார். நான் அப்போது கடலுக்குள் விழுந்துகொண்டிருந்தேன். இரண்டாம் தடவை இடதையும் வலதையும் மாற்றிச் சொன்னார். மூன்றாம் தடவை பாதி தூரம் ஏறிவிட்டேன்! "அந்தக் கயிறு வேண்டாம், பிஞ்சு கிடக்கு, மற்றதைப் பிடியுங்கோ, ஆ, கெட்டிக்காரி" என்கிறார். நீ எனக்கு ஒரு நாளாவது கெட்டிக்காரி சொல்லியிருக்கிறாயா?

உன்னில் கோபித்துக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை.

அபிசா


புத்தளம்
28.03.2026, மாலை

அன்பு மேரி,

அம்மா உனக்குச் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் பக்கத்துக் கதையை நீ கேட்கத்தான் வேண்டும்.

கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கினோம். உன் அம்மா இன்று வேறு ஆள். ஒரு தடுமாற்றம் இல்லை. நான் தூரத்து வெளிச்சத்தில் கண்ணை வைத்துக்கொண்டு ஏறினேன், தலைசுற்றவே இல்லை. மற்றக் குழுக்களெல்லாம் கீழே கிடந்தார்கள். திரையில் நம் பெயர் முதலாவதாக இருப்பதாக நானா கத்தினார். மேரி, அந்த உயரம்! காற்று, மின்னல், காலுக்குக் கீழே கடல் கறுப்பாகச் சுழல்கிறது. கேம் என்றால் இதுதான் கேம். நான் கதை பற்றிச் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.

பாய்மரத்தின் கடைசிக் கட்டத்தில் இரண்டு கயிறு. ஒன்று அறுந்தது.

"அம்மா, எது?" என்றேன்.

போனில் மணிச்சத்தம் கேட்டது. உங்கள் கோயில் மணி. பிறகு உன் அம்மாவின் குரல் மெதுவாகக் கேட்டது, எனக்கு இல்லை. செபம் சொல்லத் தொடங்கிவிட்டார். பன்னிரண்டு மணி.

நானா கத்துகிறார், "ஏதாவதொண்டைப் பிடி! பாதிக்குப் பாதி!" பிடித்திருக்கலாம். ஏற்கெனவே பிடித்திருந்த கயிற்றை விடாமல், இரண்டு கையும் மேலே உயர்ந்தபடி நின்றேன். "நானா, பேசாம இருங்க. அவங்க செபம் சொல்லுறாங்க" என்றேன். நான் தொழுதுகொண்டிருக்கும்போது யாராவது என் தோளை இழுத்தால் எனக்கு எப்படி இருக்கும்? பக்கத்துக் குழு என்னைத் தாண்டிப் போவது காதில் கேட்டது. அழுகை வந்தது. ஹெட்செட்டுக்குள் கண்ணீர் வந்தால் துடைக்க வழியில்லை, தெரியுமா? ஹெட்செட்டைச் செய்தவர்கள் இதையும் யோசிக்கவில்லை.

பிறகு அம்மா, "ஐயோ பிள்ளை, வலது! வலது!" என்றார். ஏறினேன். இரண்டாவதாகத்தான் வந்தோம்.

அம்மாவை ஏசாதே. எனக்குத் தெரியும், நீ ஏசுவாய்.

தோற்றும் துள்ளும்,
அபிசா


தோட்டவெளி
02.04.2026, பெரிய வியாழன்

என் அபிசா,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. நான் அம்மாவை ஏசவில்லை. ஏச விடவில்லை, அவரே தன்னை ஏசி முடித்துவிட்டார். சனிக்கிழமை நான் கிணற்றடியில் நின்றேன். மணி அடித்ததும் உள்ளே அம்மாவின் குரல் மாறியது கேட்டது. ஓடிப்போய் "வலது" என்று கத்த என் கால் எழுந்தது. வரைபடமும் தெரியாது, எந்தக் கயிறென்றும் தெரியாது, ஆனாலும் கத்த வேண்டும் போல இருந்தது. வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்த அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். "மணி கேட்டால் வாய் தானாய்த் தொடங்குது, மேரி. படத்தில விரலை வைச்சபடியேதான் சொன்னனான். முடிஞ்சாப் பிறகுதான் அந்தப் பிள்ளை நிக்கிறது ஞாபகம் வந்தது." அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை.

இன்று உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நானா கத்தியதும், நீ அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னதும் அம்மாவுக்குத் தெரியாது. போனில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, செபத்தில் இருந்தார். அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "பிடிச்சிருக்கலாம் எண்டு தெரிஞ்சுமோ நிண்டது?" என்று கேட்டார். "ஓம் அம்மா" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ கொழும்புக்குப் போ. அந்தப் பிள்ளையோட எங்கயும் போ."

எனக்கு ஒரு பக்கம் குதிக்க வேண்டும் போல இருந்தது, மறுபக்கம் எரிச்சல். "இன்னும் உயிர்த்த ஞாயிறு வரேல்லையே அம்மா. நான் இவ்வளவு நாளும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்னத்துக்கு?"

"நீ இருந்தது ஆண்டவருக்கு," என்றார் அம்மா. "அவள் நிண்டது எனக்கு."

உன் வாப்பாவிடம் சொல், அம்மா நம் இருவரையும் கொழும்பில் கொண்டுபோய் விடப் போகிறார். போகும் வழியில் புத்தளத்தில் இறங்கி, கயிற்றை விடாமல் நின்ற உன் கையைப் பார்க்க வேண்டுமாம்.

உன்,
மேரிசெல்வி